‘ஆம்’ போடாத கதை

அன்பான கண்ணுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். எழுதினால் பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன். உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. உன் அப்பா மூன்று வேளையும் கஞ்சி குடிக்கிறார், மூன்று வேளையும் உப்பில்லை என்று முனகுகிறார். மலையில் ஏன் உப்பில்லாமல் போனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். மெட்ராஸில் உனக்குத் தலைக்கு மேல் வேலை கிடக்கும் என்று தெரியும். ஆனாலும் ஓரிடத்தில் உட்கார்ந்து, பாதியில் எழுந்து போகாமல் படி.

போன கடிதத்தில் நீ ஒன்று கேட்டிருந்தாய். உன் நாவல் ‘மலையை விற்றவன்’ சூடாக விற்கிறது, இரண்டாம் பதிப்பு வரப்போகிறது, அதன் முன்பக்கங்களில் வாசகர் அபிப்பிராயங்களை அச்சிடப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஒரு வக்கீல் விடிய விடியப் படித்தாராம். ஒரு டாக்டர் வீட்டு அம்மாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படித்ததில் பால் பொங்கி வழிந்ததாம். இவர்களோடு கொல்லிமலைக்காரர்களின் அபிப்பிராயமும் இரண்டு வரி சேர்ந்தால் ஜோராக இருக்கும், நம் ஆட்களிடம் படித்துக் காட்டிக் கேட்டு எழுது அம்மா என்று கேட்டாய். கேட்டுவிட்டேன் சாமி. எழுதுகிறேன். அச்சில் போடத் தைரியம் இருந்தால் போட்டுக்கொள்.

உன் புத்தகத்தை அடிவாரத்துத் தபாலாபீஸிலிருந்து வாங்கி, மழையில் நனையாமல் மடியில் கட்டி, மலையேறிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தவர் ராவுத்தர் அண்ணன். கையில் மூங்கில் பிடிக் குடையோடு, உப்பு மூட்டையை மட்டக் குதிரை மேல் போட்டுக்கொண்டு ஏறுவார், மிளகை வாங்கிக்கொண்டு இறங்குவார். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அப்படித்தான். உனக்குத் தெரியாத ஆளா என்று கேட்பாய். உன் புத்தகத்தைப் படித்த பிறகு உனக்கு அவரைத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அதனால்தான் இத்தனை விளக்கமாக எழுதுகிறேன். எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. உன் காது குத்துக்கு மாமன் இல்லையே என்று நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது வேட்டி, வெல்லம், தேங்காய் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு வந்து நின்றவர் அவர். மடியில் உட்கார வைக்க மட்டும் ஊரார் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் கோபித்துக்கொள்ளாமல் பக்கத்தில் நின்று, நீ வீறிட்டபோது வாயில் வெல்லத்தைப் போட்டார். அன்றிலிருந்து நீ அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாய். நடக்கத் தெரிந்ததும் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நம் எடப்புளி நாட்டில் ஊர் ஊராகத் திரிந்தாய். சேலத்துக்குப் படிக்கப் போனபோது முதல் ராத்திரி அடிவாரத்தில் அவர் வீட்டில்தான் தங்கினாய்.

புத்தகத்தைக் கொடுத்தபோது அவருக்கு இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். “மருமவன் எழுதுனதா? எம்மாம் பெரிசு! தங்கச்சி, நான் கீழ போயாவணும், மழை வருது. ஒரு நாளு எனக்கும் உக்காந்து படிச்சுச் சொல்லணும், ஆமா” என்றார். எழுத்துத் தெரியாத அந்த மனுஷர் உன் பெயர் எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டுத் தொட்டுப் பார்த்தார். அட்டையில் இருப்பது உன் புனைபெயர் என்று நான் சொல்லவில்லை.

யுத்தம் வந்ததிலிருந்து மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, விளக்கேற்றிப் படிக்க வழியில்லை. மழை பிடித்துக்கொண்டதால் காட்டு வேலையும் இல்லை. அதனால் மத்தியானக் கஞ்சி முடிந்ததும் நம் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். உன் அப்பா, உன் செல்லாயி அத்தை, ஊர்க் கவுண்டர், அக்கம் பக்கத்துப் பொம்பளைகள், வேலையில்லாத பையன்கள் எல்லோரும் வந்தார்கள். அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த நாலாம் வகுப்பு இத்தனை வருஷம் கழித்து மரியாதையைக் கொண்டுவந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு நீ எழுதியதை எழுதியபடியே, ஓர் எழுத்து மாற்றாமல் படித்தேன். நானும் அப்போதுதான் முதல் முறை படிக்கிறேன். முதலில் நானே ஒரு தரம் படித்துப் பார்த்திருக்கலாம். ஆசை விடவில்லை.

முதல் நாள் ஒரே கொண்டாட்டம். உன் அத்தை வரிக்கு வரி ‘ம்’ கொட்டினாள். உன் கதாநாயகி மயங்கி விழும்போதெல்லாம் அவளுக்குத் தாங்கவில்லை. “இந்தப் புள்ளைக்கு என்ன வியாதிங்க அண்ணி? எந்நேரமும் மயங்கி உளுகுது. அந்த ஊட்டுல ஒரு வாய் சாமைக் கஞ்சி ஊத்த ஆளில்லீங்களா?” என்றாள். மெட்ராஸிலிருந்து வரும் உன் துப்பறியும் வாலிபனைப் பையன்களுக்குப் பிடிக்கவில்லை. “கையில துப்பாக்கி வெச்சுக்கிட்டு மலையெல்லாம் ஓடறான், ஒரு காட்டுப் பன்னியக்கூடச் சுடலியேங்க?” என்று கேட்டான் ஒருவன். இதெல்லாம் அபிப்பிராயம்தானே, இவற்றை வேண்டுமானால் போட்டுக்கொள்.

இரண்டாம் நாள் உன் சதிக்கூட்டத் தலைவன் வந்தான். அவனுக்கு நல்லமுத்து என்று பெயர் வைத்திருக்கிறாய். வேறு சாதி, வேறு ஊர், வேறு மீசை எல்லாம் வைத்திருக்கிறாய். பெரிய சாமர்த்தியம். ஆனால் அவன் கையில் மூங்கில் பிடி போட்ட கறுப்புக் குடை. அவனும் மட்டக் குதிரையில் உப்பு ஏற்றிக்கொண்டு வருகிறான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, “வீட்டில் இப்போது எத்தனை பேர்?” என்று கேட்கிறான். நான் படித்துக்கொண்டே போகிறேன். உன் அப்பா குறுக்கே பேசினார். பொறாமை அவருக்கு. “ஏன் புள்ளே, இது நம்ம ராவுத்தருதானே? அவரையெல்லாம் புஸ்தகத்துல போட்டிருக்கான், பெத்த அப்பனை ஒரு ஓரத்துலகூடக் காணோமே?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் சிரிப்பு அத்தோடு சரி.

ஏனென்றால் அடுத்த பக்கத்தில் நல்லமுத்து தலைகளை ஏன் எண்ணுகிறான் என்று எழுதியிருந்தாய். எண்ணிக்கைக்குத் தக்கபடி உப்பில் மருந்து கலப்பானாம். ஒரு நாள் மலை முழுக்க அந்த உப்பைத் தின்றுவிட்டு அடித்துப் போட்டாற்போல் தூங்குமாம். விழித்துப் பார்க்கும்போது நிலமெல்லாம் கடல் கடந்த கம்பெனிக்காரன் பெயரில் இருக்குமாம். அதற்கான வரைபடம் குடையின் பிடிக்குள் ஒளித்து வைத்திருக்கிறதாம். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். அப்போது ஒன்றைக் கவனித்தேன். உன் அத்தை ‘ம்’ கொட்டுவது நின்றுவிட்டது. ஒருவர்கூட இருமவில்லை. மூச்சுவிடாமல் கேட்கிறார்களே, என் மகன் எழுத்துக்கு எவ்வளவு சக்தி என்று நான் பூரித்துப்போனேன். அட முட்டாளே என்று என்னை நானே இப்போது திட்டிக்கொள்கிறேன்.

உனக்கு மறந்திருக்கும், அதனால் நினைவுபடுத்துகிறேன். நம் மலையில் கதை என்றால் அதற்கு ‘ஆம்’ வேண்டும். ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம், காட்டுக்குப் போனானாம், புலியைக் கண்டானாம். சொல்கிறவர் ‘ஆம்’ போட வேண்டும், கேட்கிறவர் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ஆம்’ போடாமல் ஒருவர் வந்தான், போனான், கொன்றான் என்று சொன்னால் அது கண்ணால் கண்ட சாட்சி. நாட்டுக் கூட்டத்தில் சாட்சி சொல்கிறவன் வாய் தவறி ‘ஆம்’ போட்டால், “கேட்ட சேதி இங்க வேண்டாம், பாத்ததைச் சொல்லு” என்று ஊர்க் கவுண்டர் அதட்டுவார். சாட்சி சொல்லும்போது யாரும் ‘ம்’ கொட்ட மாட்டார்கள், அது மரியாதைக் குறைவு. உன் புத்தகத்தில் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரு ‘ஆம்’ இல்லை. நல்லமுத்து வந்தான், எண்ணினான், கலந்தான் என்றே எழுதியிருக்கிறாய். பட்டணத்தில் நாவல் அப்படித்தான் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்? பெற்றவள் வாயால், அச்சில் வந்ததைப் பார்த்து, மகனுடைய சாட்சியம் படிக்கப்படுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

படித்து முடித்ததும் ஊர்க் கவுண்டர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். “அம்முணி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க பையன் இதையெல்லாம் கண்ணால பாத்துத்தான் எழுதுனானுங்களா?” என்று கேட்டார். கற்பனை என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் என் மகன் இல்லாததை எழுதுகிறவன் என்று ஊர் பேசுமே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “பாக்காம எழுதுவானுங்களா? சின்னதுல இருந்து ராவுத்தர் அண்ணன் கூடத்தானே எல்லா ஊட்டுக்கும் போயிட்டிருந்தான்” என்றேன். மனுஷர்களையும் மலையையும் பார்த்து எழுதினாய் என்ற அர்த்தத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை தண்ணீருக்குப் போனால், ஓடைக்கரையில் பொம்பளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் உப்புப் பானை. ஓடையில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணு, நான் இதுவரை சாவு பார்த்திருக்கிறேன், காட்டுத் தீ பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் கொல்லிமலையில் ஒருத்தி உப்பைத் தண்ணீரில் கொட்டி நான் பார்த்ததில்லை.  உன் அத்தையின் கையைப் பிடித்தேன். “செல்லாயி, கிறுக்குப் புடிச்சிருச்சா? அது கதை! அவன் சும்மா எழுதுனது!” என்று கத்தினேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “உங்களுக்குப் புரியலீங்களா அண்ணி? நேரா எழுதுனா அந்தக் கூட்டம் கடுதாசியப் புடிச்சுப் போடும். அதான் பையன் கதையாட்டம் எழுதி நம்மளுக்குச் சேதி சொல்லியிருக்கான். கெட்டிக்காரன் அண்ணி நம்ம பையன்” என்று சொல்லிவிட்டுப் பானையைத் தட்டிக் கவிழ்த்தாள். உன் புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எந்த வக்கீலிடமிருந்து வந்துவிடப் போகிறது?

அவர்களை முட்டாள்கள் என்று நீ சிரித்துவிடாதே. முன்பு ஒரு காலத்தில் யாரோ வந்து வீடு எண்ணினார்கள், பிறகு எல்லைக் கல் நட்டார்கள், பிறகு நாம் தினை விதைத்த சரிவில் நாமே கால் வைக்கக் கூடாது என்றார்கள். அது நடந்ததுதான். அந்தப் பயம் இவர்கள் வயிற்றில் இருந்தது. நீ அதற்கு ஒரு குடையும் ஒரு முகமும் கொடுத்துவிட்டாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று மத்தியானம் நம் வீட்டில் உப்பு இருந்தது, நான் கொட்டவில்லை. கஞ்சியில் போட்டேன். உன் அப்பாவுக்கு ஊற்றினேன். என் கலயத்தை எடுத்தவள் அப்படியே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் குடித்து முடித்து, எழுந்து, மாட்டுக்குத் தழை போட்டுவிட்டுத் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நன்றாக நடமாடுகிறார் என்று தெரிந்த பிறகுதான் குடித்தேன். எழுதினவன் என் வயிற்றில் பிறந்தவன், எல்லாம் இட்டுக்கட்டியது என்று எனக்குத் தெரியும். தெரிந்த எனக்கே கை வரவில்லை. அன்றைக்கு எனக்கு உன் மேல் வந்த பயத்தை என்னவென்று சொல்வேன்! உன் அப்பாவிடம் இதைச் சொல்லிவிடாதே, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

அடுத்த சோளக்காட்டுச் சந்தைக்கு ராவுத்தர் அண்ணன் வழக்கம்போல ஏறி வந்தார். முன்னாடியே ஆள் அனுப்பித் தடுத்திருக்கலாம், ஆனால் இந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. குதிரையிலிருந்து மூட்டையை இறக்கிவிட்டு, முன்னால் நின்ற பெண்ணைப் பார்த்து, “என்னம்மா, ஊட்டுல அல்லாரும் சொகமா? இப்ப எத்தனை பேரு இருக்கீங்க?” என்று கேட்டார். அந்தப் பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.  பையன்கள் நாலைந்து பேர் பாய்ந்து அவர் கையிலிருந்த குடையைப் பிடுங்கினார்கள். முழங்காலில் வைத்துப் பிடியை முறித்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் பொந்து. “பொந்து இருக்குது பாருங்க! உள்ள இருந்ததை எடுத்துட்டான்!” என்று ஒருவன் கூவினான். ராவுத்தர் அண்ணன் திகைத்துப்போய், “மூங்கில்ல பொந்து இல்லாம வேற என்னப்பா இருக்கும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைக்கூட அவர்கள் திருட்டுத்தனம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். அடிக்கிறதென்றால் என்னை அடியுங்கள் என்றேன். அடிக்கவில்லை. ஊர்க் கவுண்டர் வந்து நிறுத்தினார். வருகிற அமாவாசையன்று எடப்புளி நாடும் பக்கத்துக் குண்டனி நாடும் சேர்ந்து கூடும், அதுவரை ராவுத்தர் மலையில் கால் வைக்கக் கூடாது, யாரும் அவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, கூட்டத்தில் குற்றம் என்று முடிவானால் அப்புறம் எப்போதுமே கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குள் மழை பிடித்துவிட்டது. உப்பு மூட்டைகளைத் தூக்க ஒருவரும் கை கொடுக்கவில்லை. சாக்கு நனைந்து உப்பு கரைந்து, சந்தைத் தரையில் ஓடியது. அவர் குடையைப் பார்க்கவில்லை, கரைகிற உப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். “என்ன நடக்குது தங்கச்சி? நான் என்ன செஞ்சேன்?” என்று கேட்டார். புத்தகம் என்று எப்படிச் சொல்வேன்? அவர் கையால் வாங்கி அவர் மடியில் வந்த புத்தகம். குதிரையைப் பிடித்துக்கொண்டு, தலையில் ஒரு சாக்குகூட இல்லாமல் நனைந்துகொண்டே இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே ஊர்க் கவுண்டரையும் மற்றவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இது கதை, கதையைக் கதையாகவே இப்போது சொல்கிறேன் என்று ஆரம்பித்து, உன் புத்தகத்தை ‘ஆம்’ போட்டுப் படித்தேன். நல்லமுத்து வந்தானாம், எண்ணினானாம், உப்பில் மருந்து கலந்தானாம். இப்போதாவது யாராவது ‘ம்’ கொட்டுவார்களா என்று முகம் முகமாகப் பார்த்தேன். ஒருவரும் கொட்டவில்லை. ஊர்க் கவுண்டர் குரலைத் தாழ்த்தி, “அன்னைக்குப் பாத்த சேதியாட்டம் படிச்சீங்க. இன்னைக்குக் கேட்ட சேதியாட்டம் படிக்கறீங்க. ஆரு அம்முணி வந்து உங்களை மிரட்டுனாங்க? பயப்படாம சொல்லுங்க, நாங்க இருக்கறமுங்க” என்றார். உன் அத்தை என் தோளைத் தடவிக் கொடுத்தாள். உண்மையைச் சொல்லச் சொல்ல நானும் அந்தச் சதியில் மாட்டிக்கொண்டவளாக ஆகிவிட்டேன். இதிலிருந்து வெளியே வர உன் புத்தகத்தில் ஏதாவது வழி எழுதியிருக்கிறாயா என்று தேடினேன். உன் வாலிபன் சுட்டுவிடுகிறான், அவ்வளவுதான்.

நீ எழுதுவதை விட்டுவிடு என்று நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் நீ கேட்கவா போகிறாய்? திருடனைப் பற்றி எழுது, கொலைகாரனைப் பற்றி எழுது, மலையை மட்டுமல்ல, வானத்தையே ஒருவன் விற்றான் என்று எழுது. ஆனால் அவனுக்கு ஒரு கை வேண்டுமென்றால் உன்னைத் தூக்கிய கையைக் கொடுக்காதே. வீட்டில் எத்தனை பேர் என்று அவர் ஏன் கேட்டார் என்று நீ ஒருநாளாவது அவரைக் கேட்டாயா? தலைக்கு இவ்வளவு என்று அளந்தால்தான் கொண்டுவந்த உப்பு கடைசி வீடு வரைக்கும் வரும். குழந்தை பிறந்த வீட்டுக்குக் கூட ஒரு கை போடுவார். அவ்வளவுதான் அதிலிருந்த மர்மம். பக்கத்திலேயே நின்றிருந்தாயே, உனக்குத் தெரியாதா? தெரிந்தும், விறுவிறுப்புக்காக மாற்றிக்கொண்டாயா? 

நேற்று நானும் உன் அப்பாவும் அடிவாரத்துக்கு இறங்கிப் போனோம். நனைந்ததில் ராவுத்தர் அண்ணனுக்குக் காய்ச்சல். கயிற்றுக் கட்டிலில் போர்த்திக்கொண்டு கிடந்தார். அவர் சம்சாரம், அண்ணி, வாசலில் நின்று, “வாங்க” என்று மட்டும் சொன்னார், முகத்தைப் பார்க்கவில்லை. சந்தைப் பேச்சு அதற்குள் கீழே வந்துவிட்டது. எங்களைக் கண்டதும் அவர் எழுந்து உட்கார்ந்தார். “மருமவன் எழுதுனதைக் கொண்டாந்தியா? நீ படிச்சுச் சொல்றேன்னியே” என்றார். இன்னொரு நாள் அண்ணே, உடம்பு தேறட்டும் என்றேன். “அதுல நான் இருக்கேனாமே. என்னைப் பத்தி எழுதுனதை நான் கேக்க வேணாமா?” என்றார்.

படித்தேன். உப்பு வருகிற இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். “தாண்டிப் படிக்கிறே தங்கச்சி. எல்லாத்தையும் படி” என்றார். எழுத்துத் தெரியாத மனுஷருக்கு அது மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. உள்ளே பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த அண்ணியும் நிறுத்திவிட்டார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு தரையைக் கீறிக்கொண்டிருந்தார். நல்லமுத்து குண்டு பட்டுப் பாறையிலிருந்து உருண்டு விழுகிற வரைக்கும் படித்து முடித்தேன். இரண்டாம் பாகத்தில் அவன் பிழைத்து வருவான் என்று எழுதியிருந்தாயே, அதை நான் சொல்லவில்லை.

அவர் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி அட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு, “நல்லாத்தான் எழுதியிருக்கான். அந்த ஏத்தத்துல ஒரு ஆளுக்கு எப்படி மூச்சு வாங்கும்னு அப்படியே எழுதியிருக்கான். என் பின்னால வந்து பாத்ததுதான்” என்றார். சிரிக்கவும் செய்தார். அமாவாசைக் கூட்டத்துக்கு நீங்கள் வந்து பேச வேண்டும் ராவுத்தரே, நாங்கள் பக்கத்தில் நிற்கிறோம் என்று உன் அப்பா சொன்னார். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். “மலைக்காரங்க என்னைத் தப்பா நெனச்சாங்க, அது போவட்டும். அவங்களுக்கு என் கூட யாவாரந்தான். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான் தங்கச்சி. சின்னப் புள்ளையா என் விரலைப் புடிச்சுக்கிட்டு ஊடு ஊடா வந்தானே. நான் எத்தனை பேருன்னு கேக்கும்போதெல்லாம் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நிப்பானே. அப்பவே மனசுக்குள்ள என்னை இப்படித்தான் நெனச்சானா?”

இல்லை அண்ணே என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும்.  எனக்குத் தெரியாது கண்ணு. பெற்றவளுக்குத் தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அமாவாசைக்கு முன்னால் புறப்பட்டு வா. லீவு கொடுக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வா. ஊர்க் கூட்டத்துக்கு நாங்கள் ஏதாவது சொல்லிக்கொள்கிறோம், அதற்கு உன் அப்பா வாயே போதும். நீ மலை ஏற வேண்டாம், நேரே அவர் வீட்டுக்குப் போ. மாமா என்று கூப்பிட்டு, அவர் கேட்டதற்கு என்ன பதிலோ அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அந்தப் பதில் எதுவானாலும் பிறகு என்னிடமும் சொல். எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அம்மா